இரண்டு பேருக்கு ஒரு சபை

மூன்று வயதுப் பிள்ளைக்குச் செய்த பிளாஸ்ரிக் கதிரையில் ஐம்பது தாண்டிய மனிதன் இருந்தால் முழங்கால் நாடிக்கு வந்துவிடும். அன்றைக்கு நாங்கள் எல்லோரும் அப்படித்தான் இருந்தோம், முழங்கால்களுக்கு மேலால் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு. எல்லோருடைய முகத்திலும் நாட்டின் தலைவிதியை எழுதப் போகிற கனம் வேறு.

இடம் யாழ்ப்பாணம் ரவுணுக்குள் ஒரு முன்பள்ளி. ஞாயிற்றுக்கிழமை என்றபடியால் பிள்ளைகள் இல்லை. சுவரில் அணிலும் ஆடும் இலையும் படமாகத் தொங்கின. என்னுடைய கதிரையில் யாரோ ஒரு வாண்டு ஒட்டிவிட்டுப் போன விளையாட்டுக் களி, என் காற்சட்டையோடு சேர்ந்துகொண்டது. வீட்டுக்குப் போன பிறகுதான் கண்டேன்.

அந்த அறையில், மயிலிட்டிக் குழுவை வைத்திருப்பதா மூடுவதா என்று வாக்கெடுக்க இருந்தோம். அந்தக் குழுவில் இரண்டே இரண்டு பேர். ஒருவர் எனக்கு எதிர்க்கதிரையில், அயர்ன் பண்ணிய வெள்ளைச் சேட்டும் பையில் பேனையுமாக இருந்தார். மற்றவர் மயிலிட்டியில் இருந்தார். குழுவை மூடினால் அந்த மற்றவர் திரும்பவும் குடிக்கத் தொடங்கிவிடுவார் என்பது எதிர்க்கதிரைக்காரரின் பயம். எங்களுக்கு அது அப்போது தெரியாது.

தலைவர் இல்லாத சங்கம்

போன கிழமை இந்தப் பத்திரிகைத் தொடரில் நான் எழுதியதை வாசித்துவிட்டு என் மச்சான் தொலைபேசி எடுத்தார். "நீ குடியை விட்டது நல்ல விசயம். விட்டுட்டு வீட்டிலை சும்மா இருக்கலாம்தானே? அதுக்கேன் ஒரு சங்கம், அதுக்கொரு சபை, அதுக்குள்ளை ஒரு வாக்கெடுப்பு?" என்று கேட்டார். மச்சானுக்குப் பதில் சொல்ல வெளிக்கிட்டுத்தான் இந்தக் கிழமை இப்படி நீண்டுபோய்விட்டது. நீளத்துக்கு அவரை ஏசுங்கள், என்னை ஏச வேண்டாம்.

எங்கள் தோழமையில் குடியை விட்டவர்கள் இருக்கிறார்கள், விடப் பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள், விட்டுவிட்டுத் திரும்பப் பிடித்து, வெட்கத்தோடு மறுபடி வந்து கதவைத் தட்டியவர்களும் இருக்கிறார்கள். டொக்டர் இல்லை, ஐயர் இல்லை, பாதர் இல்லை. குடித்தவன் குடித்தவனோடு கதைப்பான், அவ்வளவுதான். யாருடைய பெயரும் வெளியில் போகக்கூடாது. அதனால் இந்தத் தொடரில் என் பெயர் இல்லை. இதில் வருகிற மற்றப் பெயர்களும் நான் வைத்த பெயர்கள்.

என் பெயரை மறைத்து என்ன பிரயோசனம் என்று ஆசிரியர் கேட்டார். நியாயம்தான். நான் சவுண்ட் சேர்விஸ்காரன். கோயில் திருவிழா, கலியாணவீடு, செத்தவீடு எதுவென்றாலும் ஸ்பீக்கர் கட்டுகிறவன். "ஹலோ, ஹலோ, மைக் ரெஸ்ரிங்" என்ற என் குரலை வலிகாமம் முழுக்கக் கேட்டிருக்கிறது. சரி, அது கிடக்கட்டும்.

இந்தத் தோழமையில் தலைவர் கிடையாது. இதை யாழ்ப்பாணத்து ஆட்களுக்கு விளங்கப்படுத்துவது இலேசான காரியமில்லை. நாங்கள் நாலுபேர் மழைக்கு ஒரு கடை வாசலில் ஒதுங்கினாலும், மழை விடமுன்னம் ஒரு தலைவர், ஒரு செயலாளர், ஒரு பொருளாளர் தெரிவாகிவிடுவார்கள். மழை கொஞ்சம் நீண்டால் ஒரு போஷகரும் வந்துவிடுவார்.

எங்கள் ரவுண் குழு தொடங்கிய காலத்திலும் அதுதான் நடந்தது. முதற் கூட்டத்திலேயே நிர்வாக சபை தெரிவுசெய்து, ஆளுக்காள் பொன்னாடை போர்த்தி, பதவியும் பெயருமாகப் பெரிய பதாகை ஒன்று அடிக்கக் கொடுத்தோம். பெயரே வெளியில் போகக்கூடாத சங்கத்தின் ஆட்கள் எல்லோரும், வர்ணத்தில், படத்தோடு, கைகூப்பிக்கொண்டு! வாசலில் கட்ட ஏணியும் வைத்தாயிற்று. அந்த நேரம் பார்த்துத்தான் கிரேஸ் ரீச்சர் குடையை மடக்கிக்கொண்டு வந்து இறங்கினார்.

"அட கடவுளே! இறக்குங்கோ உதை! ஊரிலை ஆரார் குடிகாரர் எண்டு நோட்டீஸ் ஒட்டுறியளோ?"

அந்தப் பதாகை இப்போதும் என்னிடம் இருக்கிறது. மழை வந்தால் அம்ப்ளிஃபயருக்கு மேலே போர்ப்பேன், படம் உட்பக்கமாக.

கிரேஸ் ரீச்சர் மிஷன் பள்ளிக்கூடம் ஒன்றில் நெடுங்காலம் படிப்பித்தவர். மூக்கு நுனியில் கண்ணாடி, அதற்கு மேலால் ஒரு பார்வை. நீங்களுமா என்று யாராவது புதிதாக வந்தவர் வாயைப் பிளந்தால், "ஓம். ஒளிச்சுக் குடிச்சன். கெட்டித்தனமாக் குடிச்சன். இப்ப உமக்கு என்ன வேணும்?" என்று கேட்பார். கேட்டவர் அத்தோடு சரி.

தலைவர் இல்லையென்றால் முடிவை யார் எடுப்பது? ஒவ்வொரு குழுவும் தன் விஷயத்தைத் தானே கூடிக் கதைத்து முடிவெடுக்கும். எல்லாக் குழுக்களுக்கும் பொதுவான விஷயம் வந்தால், குழுவுக்கு ஒரு பிரதிநிதி போவார். பிரதிநிதிகள் கூடுகிற இடத்துக்குத்தான் சபை என்று பெயர். பிரதிநிதி என்றால் பெரிய ஆள் என்று நினைக்கக்கூடாது. குழுவின் மனதை அங்கே கொண்டுபோய் இறக்குவதும், அங்கே நடந்ததை இங்கே கொண்டுவந்து இறக்குவதும்தான் வேலை. அங்கே புதிதாக ஒன்றைக் கேட்டு மனம் மாறினால் மாறி வாக்குப் போடலாம். ஆனால் திரும்பி வந்து, குழுவுக்கு முன்னால் நின்று, ஏன் மாறினேன் என்று சொல்லவேண்டும். தவணை முடிந்தால், எவ்வளவு கெட்டிக்காரன் என்றாலும், இறங்கிவிட வேண்டும். இறங்குவது என்ற சொல்லே எங்கள் ஊர்ச் சங்கங்களில் இல்லாத சொல்.

இன்னொரு வழக்கமும் உண்டு. வாக்கெடுத்து முடிந்ததும், தோற்றவரைக் கூப்பிட்டு, "நீங்கள் இன்னொருக்காச் சொல்லுங்கோ" என்று கேட்கவேண்டும். எல்லோரும் வாயை மூடிக்கொண்டு கேட்கவேண்டும். கேட்டபிறகு வென்ற பக்கத்தில் யாராவது ஒருவர் "திரும்ப எடுப்பம்" என்றால், வாக்கைத் திரும்ப எடுக்கவேண்டும். தோற்றவர் அதைக் கேட்க முடியாது. வென்றவர்தான் கேட்கலாம்.

"வெண்டவன் கேப்பானோ? விசரே?" என்று மச்சான் சிரித்தார். கோயில் வழக்கொன்றில் தகப்பன் காலத்திலிருந்து அலைகிற மனிதர் அவர். சிரிப்பார்தான்.

என்னை ஏன் அனுப்பினார்கள்

நான் பிரதிநிதியானது என் திறமையால் இல்லை. கிரேஸ் ரீச்சர்தான் முன்மொழிந்தார்.

"இவர் வாய் ஓயாத மனிசன். கொஞ்சக் காலம் மற்றாக்கள் சொன்னதை மட்டும் சொல்லிப் பழகட்டும்."

எல்லாக் கைகளும் மேலே போயின. எதிராக ஒரே ஒரு கை, அது என்னுடையது. "தோத்த ஆள் கதைக்கலாம்" என்றார் ரீச்சர். நானும் கதைத்தேன். எனக்கு ஏன் இந்த வேலை சரிவராது என்று ஆதியிலிருந்து தொடங்கிக் கதைத்தேன். நான் கதைக்கக் கதைக்க, என்னை அனுப்பவேண்டிய காரணம் எல்லோருக்கும் இன்னும் நன்றாக விளங்கியது. திரும்ப எடுப்போம் என்று ஒருவரும் கேட்கவில்லை.

பிறகு மயிலிட்டி விஷயம் எங்கள் குழுவுக்கு வந்தது. இரண்டு பேருக்கு ஒரு குழு எதற்கு, பக்கத்தில் தெல்லிப்பழையில் நல்ல குழு ஒன்று இருக்கிறதே, அதோடு சேர்த்துவிடலாம் என்று கதை. எங்களுக்கும் நியாயமாகப் பட்டது. மாதம் ஒருமுறை யாராவது ரவுணிலிருந்து அவ்வளவு தூரம் போய் அந்த இரண்டு பேரோடும் இருந்துவிட்டு வரவேண்டும், அந்த அலைச்சலும் மிச்சம். எல்லோரும் கை தூக்கினோம்.

"போய் இதைச் சொல்லும்: 'எங்கடை குழு, சேர்க்கலாம் எண்டுது.' அவ்வளவுதான். விளக்கம் வேண்டாம்" என்றார் ரீச்சர்.

ஆக, என் வாயில் நாலே நாலு சொல்லை வைத்து அனுப்பினார்கள். இதில் இன்னொரு கொடுமை, அந்த முறை சபையை நடத்தியதும் ரீச்சர்தான். நடத்துகிறவருக்கு வாக்கும் இல்லை, அபிப்பிராயமும் இல்லை. ஆனால் கண்ணாடி இருக்கிறது, அதற்கு மேலால் அந்தப் பார்வை இருக்கிறது.

வாய்ப்பன் இடைவேளை

மயிலிட்டிப் பிரதிநிதியின் பெயர் மரியதாஸ் என்று வைத்துக்கொள்வோம். கடலுக்குப் போகிறவர், அறுபதை எட்டிக்கொண்டிருந்தார். கதைத்தால் மட்டும் கோர்ட்டில் நிற்கிற மாதிரி இருக்கும். "கௌரவ சபையோரே" என்று எழும்பி, ஒரு குழுவை இன்னொரு குழுவோடு சேர்க்க யாருக்கு உரித்து உண்டு, யாருக்கு இல்லை, முன்னறிவித்தல் எப்போது தந்தீர்கள் என்று தொடங்கினார். தொடங்கியவர் முடிக்கவில்லை. சாவகச்சேரிப் பிரதிநிதி, நல்ல உடம்புக்காரர், பிள்ளைகளின் கதிரையில் இருந்தபடியே கண்ணயர்ந்துவிட்டார். கதிரை பாவம்.

இடைவேளைக்கு வாய்ப்பனும் தேத்தண்ணியும் வந்தன. வாழைப்பழம் போட்டுப் பிசைந்த மா, பொரித்த வாசம், விரலெல்லாம் எண்ணெய். மரியதாஸ் வாய்ப்பனைத் திரும்பியும் பார்க்கவில்லை. கொதிக்கக் கொதிக்க ஒரு கோப்பைத் தேத்தண்ணியை ஒரே மடக்கில் இறக்கினார். இன்னொன்று. அதுவும் ஒரே மடக்கு. மூன்றாவதற்குக் கை நீட்டினார்.

"என்னண்ணை, மயிலிட்டியிலை தேயிலைக்குப் பஞ்சமோ?" என்று கேட்டேன்.

"தேயிலை கிடக்கு. சீனி கிடக்கு. கேத்திலும் கிடக்கு. குழுவிலை தேத்தண்ணி இல்லை. பிரேரணை இன்னும் நிறைவேறேல்லை."

"என்ன பிரேரணை?"

"தேத்தண்ணி கூட்டத்துக்கு முன்னமோ பின்னமோ எண்ட பிரேரணை. நான் முன்னம். தேவன் பின்னம். எனக்கு ஒரு வாக்கு, அவனுக்கு ஒரு வாக்கு. சமன்." கோப்பையைத் துடைத்து வைத்தார். "பொங்கலுக்கு முந்தித் தொடங்கினது. இப்ப சோளகக் காத்து அடிக்குது. பைக்கற் இன்னும் பிரிக்கேல்லை."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் சிரிக்கவில்லை.

"ஏனண்ணை, சீட்டுக் குலுக்கிப் பாக்கிறதுதானே?"

"சீட்டு ஆளைத் தெரிவு செய்யிறதுக்குத்தான் தம்பி. கொள்கைக்குச் சீட்டில்லை." பிறகு குரலைத் தாழ்த்தினார். "என்னைப் பிரதிநிதியாத் தெரிஞ்சது சீட்டிலைதான். நான் தேவனைச் சொன்னன், அவன் என்னைச் சொன்னான். சமன். குலுக்கினம். அவன்தான் துண்டெழுதினவன். பேந்து பாத்தா, ரெண்டு துண்டிலையும் என்ரை பேர்."

"அட கோதாரி! தெரிஞ்சும் வந்தியளோ?"

"ரத்துச் செய்யப் பிரேரணை போடலாம். அதுவும் சமனாத்தானே வரும்?"

இந்தத் தேவனைப் பார்க்கவேண்டும் என்று எனக்கு அப்போதே ஆசை வந்துவிட்டது. ஆனால் என் வாயில் அந்த நாலு சொல் இருந்தது. இடைவேளை முடிந்து மணி அடித்தது, முன்பள்ளி மணி, கிண்கிணி என்று.

தோத்த ஆள் கதைக்கலாம்

தெல்லிப்பழைப் பிரதிநிதி நல்ல மனிதர். "எங்கடை இடத்துக்கு வரட்டும். கதிரை கிடக்கு, ஃபான் கிடக்கு. நாங்கள் தங்கமா வச்சிருப்பம்" என்றார். நான் எழும்பி, "எங்கடை குழு, சேர்க்கலாம் எண்டுது" என்று சொல்லிவிட்டு இருந்தேன். என் வாழ்க்கையில் நான் செய்த ஆகக் குறுகிய பேச்சு அது. ரீச்சரின் முகத்தில் ஒரு திருப்தி.

வாக்கெடுத்தார்கள். சேர்க்கலாம் என்று எல்லாக் கையும் எழும்பியது, என்னுடையதும்தான். வேண்டாம் என்று ஒரேயொரு கை. வலை இழுத்து இழுத்து உள்ளங்கை முழுக்கக் காய்த்த கை அது.

"தோத்த ஆள் கதைக்கலாம்" என்றார் ரீச்சர்.

மரியதாஸ் எழும்பினார். கௌரவ சபையோரே என்று வரப்போகிறது என்று நாங்கள் எல்லோரும் மூச்சைப் பிடித்தோம். வரவில்லை. பேனையைப் பையிலிருந்து எடுத்து, திரும்ப வைத்தார்.

"தெல்லிப்பழைக்கு நான் போவன். எனக்கு ஒரு பிரச்சினையும் இல்லை. தேவன் வரான். அங்கை அவன்ரை மனிசியின்ரை ஆக்கள் இருக்கினம். மனிசி பிள்ளையளைக் கூட்டிக்கொண்டு போனதே அங்கைதான். அந்த ஒழுங்கையாலை அவன் தலை நிமிர்ந்து நடக்கமாட்டான். கூட்டமோ குடியோ எண்டா, அவன் குடிக்குத்தான் போவான்."

மரியதாஸ் பேனையை இன்னொருதரம் தொட்டுப் பார்த்தார்.

"முதலிலை அவன் வாயே திறக்கேல்லை. நான் கதைப்பன், அவன் கடலைப் பாத்துக்கொண்டு இருப்பான். ஒருநாள், சும்மா முறைக்கு, 'தேவன், தேத்தண்ணி முன்னமோ பின்னமோ, உன்ரை முடிவு என்ன?' எண்டு கேட்டன். நான் முன்னம் எண்டன். அவன் உடனை, 'பின்னம்' எண்டான். எனக்குக் கொதி வந்திட்டுது. ரெண்டு பேரும் சண்டை பிடிச்சம். அடுத்த கிழமை நேரத்தோடை வந்து நிண்டான், சண்டையைத் தொடர."

மரியதாஸ் தன் காய்த்த கையைப் பார்த்தார்.

"குடிச்ச காலத்திலை அவனிட்டை ஆரும் ஒண்டும் கேக்கிறேல்லை. வீட்டிலை, மீன்வாடியிலை, சங்கத்திலை, எங்கையும். 'உவனைக் கேட்டென்ன' எண்டுதான். இப்ப கிழமைக்கு ஒருக்கா நான் கேக்கிறன். அவன் எனக்கு எதிராக் கை தூக்கிறான். அந்தக் கை தூக்கத்தான் அவன் வாறான். ஏழெட்டுப் பேர் இருக்கிற இடத்திலை அவன்ரை கை ஆருக்குத் தெரியும்? அவ்வளவுதான். நன்றி."

இருந்துவிட்டார். முழங்கால் நாடிக்கு வந்தது.

இப்போது யாராவது வென்றவர் கேட்கவேண்டும். நான் தெல்லிப்பழைக்காரரைப் பார்த்தேன். அவர் சுவரிலிருந்த அணிலைப் பார்த்தார். சாவகச்சேரிக்காரர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மற்றவர்கள் தங்கள் தங்கள் முழங்காலைப் பார்த்தார்கள். எல்லோரும் என்னை மாதிரித்தான், வேறு ஆட்களின் சொல்லை வாயில் வைத்துக்கொண்டு வந்தவர்கள். அதைத் துப்பினால் ஊருக்குப் போய்ப் பதில் சொல்லவேண்டும்.

ஆயிரம் பேருக்கு முன்னால் மைக் பிடிக்கிறவன், ஒரு முன்பள்ளி அறையில் வேர்த்துப்போய் இருந்தேன். ரீச்சர் கண்ணாடிக்கு மேலால் என்னையே பார்த்தார். அந்தப் பார்வையின் அர்த்தம் எனக்கு இன்றைக்கும் தெரியாது.

"திரும்ப எடுப்பம்" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. சவுண்ட் சேர்விஸ்காரனுக்கு வந்த சோதனை. இன்னொருதரம் சத்தமாகச் சொன்னேன். முன்பள்ளி அதிர்ந்திருக்கும்.

திரும்ப எடுத்தார்கள். மரியதாஸின் கைக்குப் பக்கத்தில் என் கை, பிறகு தெல்லிப்பழைக்காரரின் கை, பிறகு மற்றவை. சாவகச்சேரிக்காரர் மட்டும் சேர்க்கத்தான் வேண்டும் என்று உறுதியாக நின்றார். "தோத்த ஆள் கதைக்கலாம்" என்றார் ரீச்சர், முறை தவறாமல். அவர் எழும்பினார், கதிரையும் அவரோடு சேர்ந்து எழும்பியது.

"எனக்குப் பசிக்குது" என்றார். சபை கலைந்தது.

அடுத்த கிழமை எங்கள் குழுவுக்கு முன்னால் நின்று காரணம் சொன்னேன். ரீச்சர் கேட்டு முடித்தார். "உம்மை அனுப்பேக்கை வாயை மட்டும் அனுப்பேல்லை, காதும் சேந்துதான் வந்தது. அது வேலை செய்திருக்கு. இரும்" என்றார். அவரிடமிருந்து எனக்குக் கிடைத்த ஒரே பாராட்டு அதுதான். ஆனால் அன்றைக்கு அவர் என்னை ஏசவும் ஒரு காரணம் இருந்தது. அது சபை முடிந்த அதே நாள் பின்னேரம் நடந்தது.

பட்டாவில் மயிலிட்டிக்கு

மரியதாஸுக்கு பஸ் போய்விட்டது. என்னுடைய பட்டா, சின்ன லொறி ஒன்று, வெளியே நின்றது, பின்னால் முதல்நாள் கழற்றிய ஸ்பீக்கர்களோடு. ஏற்றிக்கொண்டு வெளிக்கிட்டேன். சபையின் முடிவைப் பிரதிநிதி கொண்டுபோகிறார், பிரதிநிதியை நான் கொண்டுபோகிறேன்.

தெல்லிப்பழை தாண்டினதும் காற்று மாறியது. வெங்காயப் பாத்திக்கு இறைத்த செம்மண் வாசம் போய் உப்பு வாசம் வந்தது. மரியதாஸ் பின்னால் திரும்பி ஸ்பீக்கர்களைப் பார்த்துக்கொண்டே வந்தார்.

"தம்பி, உதிலை ஒருக்காச் சொல்லேலாதோ? 'மயிலிட்டிக் குழு இருக்குது' எண்டு?"

"பேர் வெளியிலை போகக்கூடாது அண்ணை."

"ஓம்." முன்னால் திரும்பி இருந்தார். "அதுவும் முறைதான்."

கூட்டம் நடப்பது துறைமுகத்துக்குப் பக்கத்தில், வலை வைக்கிற கட்டடம் ஒன்றின் பின்விறாந்தையில். வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. கருவாட்டு வாசம், டீசல் வாசம், எங்கேயோ ஒரு ரேடியோ. விறாந்தையில் இரண்டு கதிரை எதிரும் புதிருமாகப் போட்டிருந்தது. ஒன்றில் ஒரு மெலிந்த மனிதன், நாற்பது வயதிருக்கும், நுனியில் இருந்தான். அவன்தான் தேவன். வாகனத்தைக் கண்டதும் எழும்பினான், கிட்ட வரவில்லை.

"வெண்டோ, தோத்தோ?"

"தோத்துப்போய்ப் பிறகு வெண்டம்" என்றார் மரியதாஸ்.

தேவன் தலையை ஆட்டினான். உள்ளே போய் மூன்றாவது கதிரையைக் கொண்டுவந்து போட்டான். எத்தனை மணியிலிருந்து அவன் அங்கே காத்துக்கொண்டு இருந்தானோ தெரியாது.

தேத்தண்ணிப் பிரேரணை

"கூட்டத்தை ஆரம்பிக்கப் போதிய ஆக்கள் வந்திருக்கினமோ?" என்று மரியதாஸ் எண்ணிப் பார்த்தார். "வந்திருக்கினம். முதலாவது, தீராமல் கிடக்கிற பிரேரணை."

"அண்ணை, எனக்குத் தொண்டை காயுது. ரெண்டு தரமும் குடிச்சா என்ன? முன்னமும் பின்னமும்?" என்றேன்.

இரண்டு பேரும் என்னைப் பார்த்த பார்வை! முதற்தரமாக அவர்கள் ஒரே பக்கத்தில் நின்றார்கள்.

"அது புதுப் பிரேரணை" என்றார் மரியதாஸ். "அடுத்த கிழமைக்கு அறிவித்தல் தரலாம்" என்றான் தேவன்.

"அப்ப என்னையும் வாக்குப் போட விடுங்கோ. மூண்டு பேர் எண்டா சமன் வராதுதானே?"

"விருந்தாளிக்கு வாக்கில்லை. குழுவிலை சேரவேணும். சேந்தா ரவுண் குழுவிலை உமக்கு வாக்கில்லை, பிரதிநிதி வேலையும் இல்லை. ஒரு ஆளுக்கு ஒரு குழுதான்" என்றார் மரியதாஸ்.

எங்கள் தோழமையில் ஒருவன் தன்னை உறுப்பினர் என்று சொன்னால் அவன் உறுப்பினர்தான், வேறு யாரும் கையெழுத்துப் போடத் தேவையில்லை. "நான் மயிலிட்டிக் குழு" என்றேன். ரீச்சர் என்னை ஏசிய காரணம் இதுதான். ஒரு கோப்பைத் தேத்தண்ணிக்குப் பதவியை விற்ற ஆள் என்று இப்போதும் சொல்லுவார்.

வாக்கெடுத்தோம். மரியதாஸ், முன்னம். தேவன், பின்னம். நான் எந்தக் கொள்கையும் யோசிக்கவில்லை. தாகம். முன்னம் என்று கையைத் தூக்கினேன்.

"நிறைவேறீட்டுது!" மரியதாஸ் துள்ளி எழும்பினார். பைக்கற்றைப் பல்லால் கடித்துப் பிரித்து, கேத்திலில் தண்ணீர் விட்டு, அடுப்பை மூட்டப் போனார். எத்தனை மாதத்து வெற்றி! முகமெல்லாம் புளுகத்தில் மலர்ந்திருந்தது.

தேவன் கையைக் கீழே இறக்கி மடியில் வைத்துக்கொண்டிருந்தான். அவனைப் பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது.

"பொறுங்கோ அண்ணை. தோத்த ஆள் கதைக்கேல்லை."

மரியதாஸ் நெருப்புப்பெட்டியோடு நின்றார். அவர்கள் குழுவில் அதுவரை ஒருவரும் தோற்றதில்லை. தோற்றால்தானே கேட்பார்கள். இத்தனை மாதமாக முடிவு என்ன என்று கேட்டார்கள், ஏன் என்று கேட்கவேண்டிய இடம் வரவேயில்லை.

தேவன் கடலைப் பார்த்தான். வள்ளங்கள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு நின்றன. சொல்லமாட்டான் என்றே நினைத்தேன்.

"கூட்டம் முடிஞ்ச உடனை அண்ணை சைக்கிளிலை ஏறிப் போயிடுவார்" என்றான். என்னைப் பார்த்துத்தான் சொன்னான், அவரைப் பார்க்கவில்லை. "பேந்து வீட்டிலை நான் தனிய. கள்ளுத் தவறணை பூட்ட இன்னும் நேரம் கிடக்கும். அந்த நேரம்தான் எனக்குக் கஷ்டம். தேத்தண்ணி பின்னாலை எண்டா, கோப்பை முடியுமட்டும் அண்ணை இருப்பார் எண்டு நினைச்சன்."



"உதை ஏன்ரா முந்திச் சொல்லேல்லை?" என்றார் மரியதாஸ். கோபம் மாதிரித்தான் கேட்டார்.

"நீங்கள் கேக்கேல்லை. நான் தோக்கவும் இல்லை."

மரியதாஸ் நெருப்புப்பெட்டியைச் சேட்டுப் பையில், பேனைக்குப் பக்கத்தில் வைத்தார். திரும்பி வந்து கதிரையில் நேராக இருந்தார்.

"வெண்ட பக்கத்தாலை கேக்கிறன். திரும்ப எடுப்பம்."

முதலில் எழும்பியது அவருடைய கை. பின்னம் என்று மூன்று கையும் எழும்பின. முறைக்கு, தோற்றவர் யாராவது உண்டோ என்றும் கேட்டார். ஒருவரும் இல்லை.

பிறகு கூட்டம். ஆளுக்கு ஆள் எங்கள் கதையைச் சொன்னோம். அதை எழுத எனக்கு உரித்தில்லை. கூட்டம் முடிந்து, தேவன்தான் தேத்தண்ணி ஊற்றினான். வெறுந்தேத்தண்ணி, சாயம் கூடினது, ஆளுக்கொரு துண்டு பனங்கட்டி. என்னுடையதை நான் நாக்கைச் சுட்டுக்கொண்டு அவசரமாகக் குடித்து முடித்தேன்.

காலையில் கொதிக்கக் கொதிக்க ஒரே மடக்கில் இறக்கிய மரியதாஸ், அதை ஊதி ஊதிக் குடித்தார். ஒரு வாய் குடிப்பார், போன கிழமை வலையில் பட்ட மீனைப் பற்றிக் கொஞ்சம் கதைப்பார், பிறகு இன்னொரு வாய். தேவன் பதில் சொன்னான், ஒருமுறை சிரித்தான். வெளிச்சம் ஏற்றுகிற நேரமாகிவிட்டது. காலையில் பஸ்ஸுக்குப் போகமுன்னம் அவர் விட்டுப்போன சைக்கிள் சுவரோடு சாய்ந்து நின்றது.

அவருடைய கோப்பை எப்போதோ முடிந்துவிட்டது. எனக்கு அது தெரிந்தது, தேவனுக்கும் தெரிந்திருக்கும். அவர் அதைக் கீழே வைக்கவில்லை.